அறுபது பேர் வீட்டுக்கு ஒரு விருந்தாளி

மான்செஸ்டர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அடுத்த மாதம் நீ முதல்முதலாக ஆர்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்து ஷூமனின் பியானோ கான்செர்டோ வாசிக்கப் போகிறாய் என்று உன் அப்பா ஃபோனில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் குரல் கம்மிவிட்டது.

விரலைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. அதற்கு உன் டீச்சர் இருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரி டியூட்டி போக மிச்ச நேரத்தில், இந்த ஊர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இருபத்திரண்டு வருஷமாக வயோலா வரிசையின் கடைசி நாற்காலி என்னுடையது. வந்து வாசித்துவிட்டுப் போன பியானோக்காரர்களை எல்லாம் அங்கிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலிக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உனக்கு இரண்டு ஒத்திகை, ஒரு கச்சேரி; கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஆர்கெஸ்ட்ராவின் அறுபது பேரோ இரண்டு மாதமாக வாராவாரம் கூடி, பியானோ இல்லாமலேயே பழகியிருப்பார்கள். உன் பங்கைக் கண்டக்டர் வாயாலேயே முனகிக் காட்டியிருப்பார். நீ கதவைத் திறந்து உள்ளே வரும்போது அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கவழக்கம் உண்டு. முதல் ஒத்திகையில் உன் வேகத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வேகத்தை ஒருமுறை கேள்.

மற்ற நாட்களில் ஓபோ ஒரு சுரம் பிடிக்கும். எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்வோம். பியானோ கான்செர்டோ என்றால் மட்டும் முறை மாறும். முதல் வயலின்காரர் எழுந்து வந்து உன் பியானோவில் அதே சுரத்தைத் தட்டுவார். ஓபோ அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நாங்கள். உன் வாத்தியத்தை மேடையில் உட்கார்ந்து முறுக்க முடியாது என்பதால் அறுபது பேரும் அதற்கு இறங்கி வருகிறோம். இதைக் கவனித்து வைத்துக்கொள். சுருதியில் அவர்கள் உனக்காக வளைந்துவிட்டார்கள். காலத்தில் நீ வளைய வேண்டும். பின்வரிசை ஹார்ன் உன்னிடமிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கும். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். அங்கிருந்து வருவது உன் காதுக்கு எப்போதும் ஒரு மயிரிழை தாமதம். அதற்கு இடம் விடத் தெரிந்தவர் வாசித்தால் எங்களுக்கு மூச்சுவிட முடிகிறது.

இந்தக் கான்செர்டோ பிறந்த கதையும் ஒருவருக்கு ஒருவர் இடம் விட்ட கதைதான். விரல் கெட்டு, பியானோ வித்வானாகும் ஆசையை இளம் வயதிலேயே கைவிட்டவர் ஷூமன். அவர் மனைவி கிளாராவோ ஐரோப்பா கொண்டாடிய பியானோக் கலைஞர். 1841இல் ஒரே பகுதியுள்ள ஃபாண்டசியாக ஷூமன் இதை எழுதினார். பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. நான்கு வருஷம் கழித்து இன்னும் இரண்டு பகுதிகள் சேர்த்தார். 1845 டிசம்பர் 4ஆம் தேதி டிரெஸ்டனில் கிளாராவே அரங்கேற்றினார். கைதட்டல் வாங்கும் வித்தைக்கு இதில் இடம் குறைவு. ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுப் பதில் சொல்லும் வீட்டுப் பேச்சாகத்தான் பெரும்பாலும் போகும்.

தொடக்கத்தையே பார். ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு அடி. உடனே உன் சுரக்கொத்துகள் படபடவென்று இறங்கும். அதோடு நீ நிறுத்த வேண்டும். பாட்டை முதலில் பாடுவது ஓபோ. அதே பாட்டைத்தான் பிறகு நீ பாடுகிறாய். ஒருமுறை எங்களோடு வாசிக்க வந்த ஒருவர், ஓபோ பாடும் நேரத்தில் கைக்குட்டையால் விரல் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வாசித்ததில் ஒரு சுரம் பிசகில்லை. ஆனால் ஓபோக்காரர் மூச்சைப் பிடித்து எந்த இடத்தில் குழைந்தாரோ, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அண்டை வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குக் கடிதம் படித்துக் காட்டியதுபோல இருந்தது. அந்தச் சில வினாடி உன் கை மடியில் இருக்கட்டும், காது ஓபோவிடம் இருக்கட்டும். நடுவில் கிளாரினெட் வரும் இடத்திலும், இரண்டாம் பகுதியில் செல்லோக்கள் பாட்டை எடுத்துக்கொள்ளும் இடத்திலும் இதே பேச்சுத்தான்.

மூன்றாம் பகுதி பற்றி எச்சரிக்க எனக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் அங்கே விழுந்தவன் நான். இரண்டாவது பாட்டு நினைவிருக்கிறதா? காகிதத்தில் பாருக்கு மூன்று அடி என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் ஒரு சுரம், ஒரு மௌனம் என்று மாறிமாறி வருவதால், காதுக்கு இரண்டு பார் சேர்ந்து ஒரு நீண்ட மூன்றாகக் கேட்கும். அன்று நான் காதை நம்பி எண்ணிக்கையை விட்டேன். எல்லோரும் சும்மா இருந்த மௌனத்தில் என் வயோலா மட்டும் தனியாகக் கத்தியது. பக்கத்து நாற்காலியும் தடுமாறியது. பியானோவில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். தலையை லேசாகத் திருப்பினாள். தன் முறை வந்ததும் ஒவ்வொரு பாரின் முதல் அடியையும் ஒரு பொட்டு வைத்ததுபோல அழுத்தி வாசித்தாள். நாலைந்து பாருக்குள் நாங்கள் கரையேறிவிட்டோம். சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கேட்டுக்கொண்டே வாசித்ததால்தான் அது நடந்தது. தப்பில்லாமல் வாசித்தவர்கள் பலரை மறந்துவிட்டேன், அவளை மறக்கவில்லை.

முடிந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்டக்டருக்கும் முதல் வயலினுக்கும் கைகொடு. அடுத்த வணக்கத்தில் ஓபோவை எழுந்து நிற்கச் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல். இன்னொன்று வாசிக்கச் சொல்லிக் கேட்டால், மூன்று நிமிஷத்துக்குள் அடங்கும் சின்னதாக ஒன்று போதும். பின்னால் எங்களுக்கு ஒரு முழு சிம்பொனி காத்திருக்கிறது. இடைவேளையோடு காரேறிவிடாதே. உடை மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சிம்பொனியைக் கேள். உனக்காக இறங்கி வந்த அறுபது பேரும் அப்போதுதான் தங்கள் முழு உயரத்தில் நிற்பார்கள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், பெரியம்மாவும் வருகிறாள். முதல் ஒத்திகைக்குப் போகும்போது, டீ குடிக்கும் நேரத்தில், வயோலா வரிசையின் கடைசி நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசு. அந்த இரண்டாவது பாட்டைப் பற்றி அவருக்கும் பயம் இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா