வலம்புரிச் சங்கும் இடக்கை ரீலும்

தூத்துக்குடிக்கு வடக்கே மாப்பிள்ளையூரணி இருக்கிறது. அதையும் தாண்டிச் சென்றால் தருவைகுளம். படகுகள் கரை திரும்பும் வேளையில் இந்தக் கடற்கரையில் நின்று பாருங்கள். வஞ்சிரம், சூரை, பாரை, ஊளி, கலவா என்று பெரிய மீன்கள் ஏலத்துக்கு வரும். இவையெல்லாம் கடலின் வேட்டைக்காரர்கள். சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தின்று வளர்பவை. கலவா பாறை இடுக்கில் பதுங்கியிருந்து பாயும். வஞ்சிரமும் சூரையும் திறந்த கடலில் துரத்திப் பிடிக்கும். துரத்திப் பிடித்து வாழும் மீனுக்கு வலிய தசையும் வேகமும் இருந்தாக வேண்டும் அல்லவா?

அப்படிப்பட்ட மீன் ஒன்று தூண்டிலில் மாட்டினால் சும்மா இருக்குமா? இழுத்துக்கொண்டு ஓடும். கைத்தூண்டில் போடும் மீனவர் நைலான் நரம்பைக் கையாலேயே விட்டு விட்டு இழுக்கிறார். விரலில் எதையும் சுற்றிக்கொள்ளாமல் பிடித்தால் நரம்பு தோலை அறுத்துவிடும். இந்தக் கடின வேலையை எளிதாக்க வந்த பொறிதான் ரீல். தூண்டில் கம்பின் மேல் பொருத்திய ஓர் உருளை, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. சிறிய மீன்களுக்கான ரீலை வாங்கினால், பெரும்பாலும் அதன் கைப்பிடியை வலப்பக்கமோ இடப்பக்கமோ நாம் விரும்பியபடி மாட்டிக்கொள்ளலாம். பெரிய வேட்டை மீன்களுக்கான உருளை ரீலில் இது நடக்காது. கைப்பிடி அநேகமாக வலப்பக்கம்தான் இருக்கும். இடக்கையால் சுற்றும் ரீல் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும். ஏன்? விடை தேடுவோம், வாருங்கள்.

ரீல் என்னும் எளிய பொறி

சீன ஓவியர் மா யுவான் 1195ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த ஓர் ஓவியத்தில், படகில் அமர்ந்து மீன் பிடிப்பவரின் கம்பில் ஒரு ரீல் இருக்கிறது. ஆகவே ரீல் மிகப் பழைய கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கெண்டக்கியில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் ரீலுக்குள் பற்சக்கரங்களை வைத்தார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுற்றியது. கடிகாரத்தில் பழகிய கை, தூண்டிலிலும் அதே வித்தையைச் செய்தது.

இதில் உள்ள கணக்கைப் பார்ப்போம். கைப்பிடியின் நீளம் 10 செ.மீ.; உருளையின் ஆரம் 3 செ.மீ. என்று கொள்வோம். மீன் 6 கிலோ எடை அளவு விசையுடன் இழுக்கிறது. பல் விகிதம் 2 : 1 என்றால், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை 2 சுற்றுச் சுற்றினால், நாம் தரவேண்டிய விசை 6 × 3 × 2 ÷ 10 = 3.6 கிலோ. ஒரு சுற்றில் ஏறும் நரம்பு சுமார் 38 செ.மீ.

பல் விகிதத்தை 5 : 1 ஆக்கினால், ஒரு சுற்றில் 94 செ.மீ. நரம்பு ஏறும். வேகம் கூடிவிட்டது! ஆனால் கை தரவேண்டிய விசையும் 9 கிலோவாகக் கூடிவிடும். விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் செலவு. தூரத்தில் மிச்சம் பிடித்தால் விசையில் செலவு. நெம்புகோலுக்குப் படித்த அதே விதிதான். உராய்வைக் கணக்கில் சேர்த்தால் உண்மையான விசை இன்னும் சற்று அதிகமாகும்.

மீன் ஓடினால்?

பழைய ரீல்களில் கைப்பிடியும் உருளையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தன. மீன் ஓடினால் உருளை பின்னோக்கிச் சுழலும். கைப்பிடியும் பேய் வேகத்தில் பின்னோக்கிச் சுழன்று விரல் மூட்டுகளைப் பதம் பார்த்துவிடும். இதைத் தடுக்க இரண்டு உறுப்புகள் பிறந்தன.

ஒன்று, பின்சுழல் தடுப்பு. கைப்பிடி முன்னோக்கி மட்டுமே சுற்றும்படி ஒரு சிறு கொண்டி பற்சக்கரத்தில் விழுந்து தடுக்கும். சைக்கிளின் பின் சக்கரத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் ஃப்ரீவீல் இதன் உறவினர்.

மற்றொன்று, இழுவைத் தடை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உராய்வுத் தட்டுகளை ஒரு திருகு அழுத்திப் பிடித்திருக்கும். மீனின் இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால் தட்டுகள் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும்; நரம்பு அறாது. நட்சத்திர வடிவத் திருகு கொண்ட இந்த அமைப்பு, 1913ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் பெரிய கடல் மீன்களுக்கான ரீல்களில் வந்தது.

இந்தத் தட்டுகளில் பிறக்கும் வெப்பத்தையும் கணக்கிடலாம். தடை 6 கிலோ. மீன் 100 மீட்டர் ஓடுகிறது. செய்யப்படும் வேலை 6 × 9.8 × 100 = 5,880 ஜூல், அதாவது சுமார் 1,400 கலோரி. இந்த வெப்பம் முழுவதும் 100 கிராம் அலுமினியத்தில் சேர்ந்தால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் உயரும்! பெரிய மீனுக்கான ரீல் ஏன் கனமாகவும் உறுதியாகவும் இருக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

எந்தக் கைக்கு எந்த வேலை?

'சோற்றுக்கைதான் வலுவான கை. அதனால்தான் கைப்பிடியை வலப்பக்கம் வைத்தார்கள்' என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் இன்னொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? கம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எளிய வேலை அன்று.

கம்பின் அடி வயிற்றில் ஊன்றியிருக்கிறது. அது ஆதாரப் புள்ளி. பிடித்திருக்கும் கை அதிலிருந்து 45 செ.மீ. தொலைவில் இருக்கிறது. நுனி 180 செ.மீ. தொலைவில் இருக்கிறது. நுனியில் மீன் 6 கிலோ விசையுடன் செங்குத்தாக இழுத்தால், கை தரவேண்டிய விசை 6 × 180 ÷ 45 = 24 கிலோ! கம்பு வளைந்து கொடுப்பதால் நெம்புகோலின் நீளம் குறைகிறது. அது 120 செ.மீ. ஆகக் குறைந்தாலும் கை 16 கிலோவைத் தாங்க வேண்டும். சுற்றும் கைக்கு 3.6 கிலோ, தாங்கும் கைக்கு 16 கிலோ. எது பெரிய பளு?

மேலும், பெரிய மீனை வெறுமனே சுற்றியே கொண்டுவந்துவிட முடியாது. முதலில் கம்பை மெல்ல உயர்த்தி மீனை அருகில் இழுக்க வேண்டும். பிறகு கம்பைத் தாழ்த்திக்கொண்டே, தளரும் நரம்பைச் சுற்றி எடுக்க வேண்டும். கடினமான இழுப்பைக் கம்பு பிடித்த கையே செய்கிறது.

ஆகவே வலக்கைப் பழக்கம் உள்ள ஒருவர், வலுவான வலக்கையால் கம்பைப் பிடித்து இடக்கையால் சுற்றலாமே என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வலக்கையால் தூண்டிலை வீசியபின் கை மாற்றவும் வேண்டியதில்லை. இடக்கை ரீலைத் தேடுகிறவர்களில் வலக்கைக்காரர்களும் உண்டு என்பது வியப்பல்லவா? வேறு சிலருக்கு இடைவிடாமல் சீராகச் சுற்றுவதுதான் கடினம். அவர்கள் வலக்கையைச் சுற்றுவதற்கே வைத்துக்கொள்வர். எது சரி என்பதை அவரவர் கையே சொல்ல வேண்டும்.

சங்கு சொல்லும் பாடம்

சரி, வலக்கை ரீலைத் திருப்பி மாட்டினால் இடக்கை ரீல் ஆகிவிடாதா? இதற்கு விடை சொல்லத் தூத்துக்குடிக் கடலே ஒரு பொருளை வைத்திருக்கிறது. அதுதான் சங்கு.

தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், இக்கரையின் பெயர் சொன்னால் முத்தோடு சங்கும் நினைவுக்கு வரும். இங்குக் கிடைக்கும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக மிக அரிது. சாதாரணச் சங்கு ஒன்றைச் சுருள் முனை மேலே இருக்கும்படியும், வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருக்கும். அதனால் விலங்கியலார் இதை வலச்சுழி என்பர். அதையே தலைகீழாகத் திருப்பினால் வாய் இடப்பக்கம் வந்துவிடும். நம் வழக்கில் இது இடம்புரி. நாம் வலம்புரி என்பது அவர்களுக்கு இடச்சுழி. பெயர், பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இடம்புரிச் சங்கை எத்தனை முறை புரட்டினாலும் அது வலம்புரி ஆகாது. ஆகுமானால் வலம்புரிக்கு விலை ஏது? ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பிம்பத்தைத் திருப்பிப் பெற முடியாது. வலக்கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் இடக்காலுக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

ரீலும் அப்படியே. வலக்கை ரீலின் முன்பின்னை மாற்றி மாட்டினால் கைப்பிடி இடப்பக்கம் வரும். ஆனால் நரம்பு வெளிவரும் வாய் உங்கள் வயிற்றைப் பார்க்கும்! கம்பின் அடிப்பக்கமாகத் தொங்கவிட்டால் நரம்பு முன்னோக்கிச் செல்லும். ஆனால் கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியிருக்கும். உருளையைத் தடவிக் கட்டுப்படுத்தும் பெருவிரலுக்கும் வேலை இல்லாமல் போகும்.

உருளை ரீலில் பற்சக்கரம், கொண்டி, தடைத் தட்டுகள், நட்சத்திரத் திருகு ஆகிய எல்லாமே ஒரே பக்கத்து மூடிக்குள் அடங்கியவை. இடக்கை ரீல் செய்ய, இவற்றின் கண்ணாடிப் பிம்பங்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். சாய்ந்த பற்கள் எதிர்ச் சாய்வில் வெட்டப்பட வேண்டும். மரையும் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். உங்கள் சைக்கிளில் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது போலத்தான். இதற்கெல்லாம் தனி அச்சுகள் வேண்டும். பெரிய ரீலை வாங்குவோர் குறைவு. அவர்களில் இடக்கை ரீல் கேட்போர் இன்னும் குறைவு. எனவே தயாரிப்பாளர் பெரும்பாலும் வலக்கை அச்சோடு நின்றுவிடுகிறார்.

சிறிய ரீல் தப்பியது எப்படி?

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரின் கம்பளி ஆலைத் தொழிலைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பவர், 1905இல் ஒரு புதுவகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூல், அசையாத கண்டின் நுனி வழியாகக் கழன்று வருவதுண்டு. அவருடைய ரீலிலும் உருளை அசையாது. அதைச் சுற்றி ஒரு வளையம் சுழன்று நரம்பைச் சுற்றும். இன்றைய ஸ்பின்னிங் ரீலின் முன்னோடி இதுவே.

இன்றைய ஸ்பின்னிங் ரீல்களில் முதன்மைப் பற்சக்கரத்தின் அச்சு, பெட்டியின் இரு பக்கமும் ஊடுருவிச் செல்லும்படி அமைந்திருக்கிறது. கைப்பிடியை எந்தப் பக்கத்தில் செருகினாலும், முன்னோக்கிச் சுற்றினால் அச்சு ஒரே திசையில்தான் சுழலும். ஆகவே பிம்பம் தேவையில்லை. பெரிய பாரையை அடக்கும் அளவுக்கு வலிய ஸ்பின்னிங் ரீல்களும் இன்று உண்டு. இடக்கையால் சுற்ற விரும்புவோருக்கு இது முதல் வழி. ஆனால் இதில் நரம்பு செங்கோணத்தில் திரும்பியே உருளையில் ஏற வேண்டும். அங்கே உராய்வு உண்டு. உருளை ரீலில் நரம்பு நேராக ஏறுவதால் பெரும் பளுவுக்கு அதுவே ஏற்றது.

உருளை ரீலிலேயே இடக்கை வேண்டுமானால், மாதிரி எண்ணைப் பார்க்க வேண்டும். ஆபு நிறுவனத்தின் ஆம்பசடர் வரிசையில் 6500 வலக்கை ரீல். 6501 இடக்கை ரீல். கடைசி 1 என்ற இலக்கத்தில் இருக்கிறது செய்தி! கைப்பிடி உள்ள பக்கத்திலிருந்து பார்த்தும் கண்டுபிடிக்கலாம். நரம்பைச் சுற்றும்போது வலக்கை ரீல் கடிகார முள் செல்லும் திசையில் சுழலும். இடக்கை ரீல் எதிர்த்திசையில் சுழலும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மீட்டர் நீளமுள்ள கழியின் நுனியில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டுங்கள். அடியை வயிற்றில் ஊன்றி, 25 செ.மீ. தொலைவில் ஒரு கையால் கழியைக் கிடையாகப் பிடியுங்கள். எத்தனை விநாடி தாங்க முடிகிறது? சற்று ஓய்வெடுத்து மறு கையாலும் பாருங்கள். பிறகு, பட்டம் விடும் நூல் உருளையை ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு கையாலும் எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். உங்களுக்கு ஏற்ற ரீல் எது என்று இந்த நான்கு எண்களும் சொல்லிவிடும்.

2. ஒரு பென்சிலில் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கழற்றுங்கள். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். சுருளின் திசை மாறியதா? கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். என்ன தெரிகிறது?

கை குறையா, கருவி குறையா?

நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். நாற்பது பேர் உள்ள உங்கள் வகுப்பில் நான்கு பேர் இருக்கலாம். 'நொட்டாங்கையால் எழுதாதே' என்று அவர்களை அதட்டுவோர் இன்றும் உண்டு. கத்தரிக்கோல் வெட்டாவிட்டால் 'உனக்குக் கை வராது' என்கிறோம். அந்தக் கத்தரிக்கோல் வலக்கைக்கென்று செய்யப்பட்டது. இடக்கையில் அதன் இரு அலகுகளும் நெருங்காமல் விலகுகின்றன. குறை கையில் இல்லை. எதிர்ப் பிம்பமான கருவியைச் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. கைக்கு ஏற்ற கருவி இல்லாதவர் கடலிலும் சீக்கிரம் களைத்துப்போவார். உங்கள் பக்கத்து இருக்கைத் தோழன் இடக்கைக்காரன் என்றால், முதல் சோதனையை அவனோடு சேர்ந்து செய்து, எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடை காணுங்கள்

1. கைப்பிடி 12 செ.மீ., உருளை ஆரம் 4 செ.மீ., பல் விகிதம் 3 : 1. கை 4 கிலோ விசை தந்தால், நரம்பில் கிடைக்கும் விசை எவ்வளவு? ஒரு சுற்றில் எவ்வளவு நரம்பு ஏறும்?

2. நரம்பு ஏற ஏற உருளையின் ஆரம் பெரிதாகிறது. அப்போது சுற்றுவது எளிதாகுமா, கடினமாகுமா?

(விடைகள்: 1. உராய்வு நீங்கலாக 4 கிலோ. சுமார் 75 செ.மீ. 2. கடினமாகும், ஆனால் நரம்பு விரைவாக ஏறும்.)