மேடையில் பிறக்கும் தாளம்

நுழையும்முன்

ஏட்டில் எழுதி வைக்கப்படாமல், கேட்போர் முன்னிலையிலேயே உருப்பெறும் இசையும் உண்டு. அதனை மனோதர்மம் என்பர் இசைவாணர். துணைக்கருவியாகவே எண்ணப்பட்டுவந்த கடம், இசையின் நடுவிடத்துக்கு வந்த ஒரு நிகழ்ச்சியையும் அதன் பின்னுள்ள தாளக் கணக்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1975ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள சவுதாம்ப்டன் கல்லூரியில் ஐவர் மேடையேறினர். மின்கிதாரின் பேரொலியால் புகழ்பெற்றிருந்த ஆங்கிலேயர் ஜான் மெக்லாஃப்லின், அதனை விடுத்து மரக்கிதாருடன் அமர்ந்திருந்தார். எல்.சங்கர் வயலினும், ஜாகிர் உசேன் தபலாவும், ராம்நாட் ராகவன் மிருதங்கமும், டி.எச்.விநாயக்ராம் கடமும் இசைத்தனர். குழுவின் பெயர் சக்தி. அன்றைய இசை பதிவு செய்யப்பட்டு மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் இருப்பவை மூன்றே உருப்படிகள். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அரைமணி நேரம் நீள்வது.

கருநாடக இசையரங்கில் கடத்தை உபபக்கவாத்தியம் என்பர். மிருதங்கத்துக்கு அடுத்த இடமே அதற்கு. தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை கடக்கலைஞர் காத்திருக்க வேண்டும். நேரம் குறைந்தால் அந்த முறையும் குறுகும். சக்தியின் மேடையிலோ பாடகர் நடுவில் அமரவில்லை. கிதார் ஒரு சொற்கட்டைத் தொடுத்தால் கடம் விடை கூறியது. பக்கவாத்தியம் என்னும் சொல்லுக்கே அங்கு வேலை குறைவு.

தபலாவும் கடமும் ஒன்றாக ஒலிப்பது எளிதன்று. இரண்டும் வெவ்வேறு மரபில் வளர்ந்தவை. தாளப் பெயர்கள் வேறு, சொற்கட்டுகள் வேறு. எனினும் எவ்வளவு தொலைவு சென்றாலும் சுழற்சியின் முதல் அடிக்குத் திரும்ப வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான விதி. தெற்கே அதனைச் சமம் என்பர், வடக்கே சம்.

கணக்கும் கற்பனையும்

உடனுக்குடன் இசைப்பது மனம்போன போக்கில் தட்டுவது அன்று. ஆதி தாளத்துக்கு எண்கள் எட்டு. எண்ணுக்கு நான்கு மாத்திரையாகக் கொண்டால் ஒரு சுற்றுக்கு முப்பத்திரண்டு. 'ததிகிணதொம்' என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை முழக்கி, இடையே ஒவ்வொரு மாத்திரை நிறுத்தினால் பதினேழு மாத்திரை ஆகும். ஆகவே பதினைந்து மாத்திரை கழித்து, பதினாறாவதில், அதாவது நான்காம் எண்ணின் கடைசிக் காற்பகுதியில் தொடங்கினால், மூன்றாம் முறை முடிந்த மறுகணமே சமம் வந்து சேரும். கையால் தாளமிட்டுக்கொண்டே வாயால் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு மாத்திரை பிந்தித் தொடங்கினாலும் முடிவு சமத்தைத் தாண்டிவிடும். எந்தச் சொல், எத்தனை மாத்திரை, எங்கே தொடக்கம் என்பனவற்றை வாசித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். உடனிருப்பவரோ அதனை முடிவதற்குள் ஊகித்து உடன்வந்து நிற்க வேண்டும். அவையோர் கைதட்டுவது பெரும்பாலும் விரைவைக் கேட்டுத்தான். உண்மையான இடர் இந்த ஊகத்தில் இருக்கிறது.

மண்ணின் ஒலி

கடத்துக்குத் தோலும் இல்லை, நரம்பும் இல்லை. விரல்நுனி, நகம், உள்ளங்கை, மணிக்கட்டு ஆகியவை படும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். வாயை வயிற்றோடு அணைத்துத் திறந்தால் ஆழ்ந்த ஒலி எழும். சுட்டபின் சுருதியைப் பெரிதும் மாற்ற இயலாது. ஆதலால் கலைஞர் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடம் வைத்திருப்பர். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரைக் கடம் கனமானது; அதன் நாதம் கணீரென்றிருக்கும்.

தெரியுமா?

மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' என்னும் தாளவிசைத் தொகுப்பு 1992இல் கிராமி விருது பெற்றது. அதில் விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் வாசித்துள்ளனர். சக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' 2024இல் அவ்விருதைப் பெற்றபோது, அக்குழுவின் தாளக்கலைஞர்களுள் ஒருவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்.