உறங்கும் கைப்பேசியும் ஒலிக்காத மணியும்



நம் அங்கத்தினர்களில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், ஒரு நாள் அஸருக்குப் பின் கல்லாவைத் தம் கடைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே சென்றிருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் 38 வெள்ளிக்குச் சாமான் வாங்கி, பேநவ் மூலம் பணம் செலுத்திவிட்டதாகத் தம் திரையைக் காட்டிப் போய்விட்டார். கல்லாவில் கிடந்த கடைக் கைப்பேசியோ மூச்சு விடவில்லை. இரவு கணக்குப் பார்த்தபோது 38 வெள்ளி குறைந்தது. கேள்வி மேல் கேள்வி. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வங்கிச் செயலியைத் திறந்தால், பணம் 5 மணிக்கே வந்து சேர்ந்திருந்தது! திறந்த அக்கணமே, அதுவரை வராத அறிவிப்புகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக மணியடித்தனவாம். தப்பெண்ணத்துக்கு ஆளான தம்பிக்கு யார் பதில் சொல்வது?

குற்றம் வங்கியினுடையதுமன்று, செயலியினுடையதுமன்று. விஷயத்தைச் சற்று விளக்குவோம்.

ஆண்ட்ராய்டு என்னும் அடிப்படையை அமைத்துத் தருவது கூகுள் கம்பெனி. அதை வாங்கிக்கொள்ளும் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி மாற்றியமைக்கின்றனர். வீட்டுக்காரர் கட்டிய கடைவீட்டில் குடிவருவோர் தம் இஷ்டப்படி தடுப்பும் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வதைப் போலத்தான். சாம்சங், ஷாவ்மி, ஓப்போ, விவோ, ஹுவாவே ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும் ஏற்பாடு மற்றதில் இருப்பதில்லை.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து, அசையாமல், சார்ஜரும் இல்லாமல் கிடக்கும் கைப்பேசி, செயலிகளின் வேலையை ஒத்திப்போட்டு உறங்கப் போகும். ஆயினும் அவசரச் செய்திக்கும் அலாரத்துக்கும் வழிவிடும்படியே அதனை அமைத்தார்கள். தயாரிப்பாளர்களிற் சிலர் இதோடு நிற்கவில்லை. பேட்டரி நெடுநேரம் நிற்க வேண்டுமென்று, நாம் சில மணி நேரம் தொடாத செயலியை அடியோடு நிறுத்திவிடுகின்றனர். இரவில் விளக்கணைக்கச் சொன்ன ஜாகா, வாசல் மணியின் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்ட கதைதான். இவ்வாறு வலிந்து நிறுத்தப்பட்ட செயலியின் அலாரங்களும் அழிந்துபோகும்; நாமே மீண்டும் திறக்கும் வரை அது எழாது. சுபுஹுக்குப் பாங்கு சொல்ல வேண்டிய செயலி வாய் திறவாதிருப்பதும், நோன்பு மாதத்தில் ஸஹர் தவறுவதும் பெரும்பாலும் இதனாலேயே.

பரிகாரம் உண்டு. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயரைத் தேடி, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடில்லை என்று வைக்க வேண்டும். ஷாவ்மியில் இத்துடன் 'ஆட்டோஸ்டார்ட்' என்பதையும் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ஒருபோதும் உறங்கா செயலிகளுக்கென ஒரு பட்டியல் உண்டு, அதிற் சேர்க்கவும். ஓப்போவில் தானே தொடங்கவும் பின்னணியில் இயங்கவும் அனுமதி தருக. ஹுவாவேயில் 'ஆப் லாஞ்ச்' என்பதை நம் கைப்பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அங்குள்ள மூன்று பொத்தான்களையும் திறக்கவும். ஹுவாவேக்கு இன்னொரு சங்கடம்: 2019-ல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பின் வந்த புதிய மாடல்களில் கூகுள் சேவை இல்லாமற் போயிற்று. கூகுள் வழியாகவே செய்தி பெறும் செயலி அவற்றில் மணியடிக்காது. ஆகவே கடைக்கு வாங்குமுன் விசாரிப்பது நலம்.

ஆண்ட்ராய்டு 13 (2022) முதல், அறிவிப்புக் காட்டவே செயலி நம் அனுமதியைக் கேட்கிறது. அவசரத்தில் வேண்டாமென்று அழுத்தியோர் பலர். ஆண்ட்ராய்டு 14-ல் (2023), புதிதாக இறக்கும் செயலிகள் பலவற்றுக்குக் குறித்த நிமிடத்தில் அலாரம் அடிக்கும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. 'அலாரம்ஸ் அண்டு ரிமைண்டர்ஸ்' என்ற இடத்தில் நாமே தர வேண்டும்.

'கிளீன்' பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் துடைத்தெறியும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. அதை விட்டொழிக்கவும். அதற்காகச் செயலி அத்தனைக்கும் விலக்களித்தால் மாலைக்குள் பேட்டரி காலியாகிவிடும். வங்கி, தொழுகை நேரம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொன்று, பணத்தைப் பொறுத்தது. மணி ஒலிக்காத கடையில் வாடிக்கைக்காரர் காட்டும் திரையை நம்பும் வழக்கம் தானே வந்துவிடுகிறது. போலித் திரைப்படம் காட்டி ஏமாற்றுவோருக்கு அதுவே வசதி. மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், வங்கிச் செயலியிலுள்ள வரவுப் பட்டியலே சாட்சி. அதைப் பார்க்கும் வழியைக் கடைத் தம்பிக்கும் கற்றுக்கொடுங்கள்.

திருத்தியபின் சோதிக்காமல் விடலாகாது. கைப்பேசியை ஒரு மணி நேரம் தொடாமல் வைத்து, வேறொரு கைப்பேசியிலிருந்து 1 வெள்ளி அனுப்பிப் பாருங்கள். சோதனையின்போது சார்ஜரில் மாட்டி வைக்கலாகாது. மாட்டினால் அது உறங்காது, நமக்கும் உண்மை தெரியாது. கம்பெனியார் புதிய பதிப்பு அனுப்பும்போது நாம் செய்த திருத்தங்கள் பழையபடி மாறிவிடுவதுமுண்டு. ஆகவே ஒவ்வொரு பதிப்புக்குப் பின்னும் இன்னொரு 1 வெள்ளி.