குலுக்கைக்குத்தான் மூடி உண்டு

சிக்கல்,
ஞாயிறு இரவு.

அன்பு மருமகளே,

தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்ததையும், குழாய்க்குள் படுக்க மாட்டேன் என்று நீ அழுததையும் அக்கா போனில் சொன்னாள். "பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு இதுக்கெல்லாமா பயம்?" என்று என்னிடமே கேட்கிறாள். முதுகுவலிக்காக நான் அதே குழாய்க்குள் போய், மூன்றாவது நிமிஷமே மணியை அமுக்கி வெளியே ஓடிவந்தவன் என்பது அவளுக்குத் தெரியாது. மிஷின் ரிப்பேர் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டேன்.

என் பயம் பிறந்த இடம் எனக்குத் தெரியும். பழைய வீட்டில் கம்பு கொட்டிவைக்கும் குலுக்கை. கண்ணாமூச்சி ஆடும்போது உள்ளே இறங்கி உட்கார்ந்தேன், யாரோ மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம்தான். ஆனால் இன்றைக்கும் கம்பு வாசம் பட்டால் நெஞ்சு அடைக்கும். உனக்கு இப்படி ஒரு காரணம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் பயம் பொய்யாகிவிடாது. இதற்குக் கயிறு மந்திரிக்கவும் வேண்டாம்.

முதல் தடவை நான் செய்த தப்பு, பயத்தை மறைத்தது. இரண்டாம் தடவை ஸ்கேன் எடுக்கிற தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தினமும் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்கிறார்களாம். என்னை எழுப்பி, குழாயின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது! உள்ளே விளக்கு எரிகிறது, ஃபேன் காற்று வருகிறது. பெரும்பாலான மிஷின்களில் வாய் 60 அல்லது 70 சென்டிமீட்டர் அகலம். இடம் குறைவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூடி கிடையாது.

தலை ஸ்கேனுக்கு முகத்துக்கு மேல் ஒரு கூடு மாட்டுவார்கள். உனக்கு அதுதான் சங்கடமான நேரம். பலகை நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிவிடு. உள்ளே போனபின் மூடினால், பார்த்த கூரை கண்ணுக்குள்ளேயே நிற்கும். துணி கட்டச் சொன்னாலும் கட்டுவார்கள். சில கூடுகளில் கண்ணாடி இருக்கும், அதில் உன் காலும் அறையும் தெரியும். எது உனக்குத் தோது என்று முன்னமே கேட்டுக்கொள்.

பிறகு சத்தம். டக் டக் என்று வல்லத்து இன்ஜின் மாதிரி தொடங்கி, திடீரென்று தகரத்தில் அடிப்பதுபோல் மாறும். மிஷின் கெட்டுப்போகவில்லை. பெரிய காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் வேகமாக மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்கின்றன, அவ்வளவுதான். எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. காதை அடைக்கப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். ஒவ்வொரு சத்தமும் சில நிமிஷத்தில் நிற்கும். அரைமணி நேரத்தை அரைமணியாக நினைக்காதே. "ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம்னு மைக்கில சொல்லுங்கண்ணே" என்று கேட்டுவை, அந்தத் துண்டை மட்டும் எண்ணிக் கடந்துவிடலாம். எச்சில் விழுங்குவது, இருமுவது எல்லாம் இடைவெளியில். தலை அசைந்தால் படம் கலங்கிவிடும், திரும்ப எடுக்க வேண்டிவரும்.

1977 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் ரேமண்ட் டமேடியன் குழுவினர் முதன்முதலாக ஒரு மனிதரின் மார்பை இப்படிப் படம் எடுத்தபோது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது. முதலில் டமேடியனே உள்ளே உட்கார்ந்து பார்த்தார். படம் விழவில்லை. பிறகு அவருடைய மெலிந்த மாணவர் லாரி மிங்காஃப் உட்கார்ந்தார். உன் அரைமணி நீளமாகத் தோன்றினால் அந்தப் புண்ணியவானை நினைத்துக்கொள்.

மூச்சை மட்டும் பிடிக்காதே. சின்ன ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்க முங்கும் பெண்களுக்குத்தான் அந்த வேலை. நீ இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடு. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், அமுக்கினால் பலகையை வெளியே இழுத்துவிடுவார்கள். அமுக்கினால் தோல்வி என்று நினைக்காதே. அது கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இரண்டாம் தடவை நான் முடித்தேன்.

இதற்குமேலும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல், மருந்து கொடுத்து எடுக்கலாம். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலான மிஷின்களில் அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் 30,000 மடங்குக்குக் குறையாது, எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி, கம்மல், இடுப்புக் கயிற்றுத் தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடு. கூட ஒருத்தரை உள்ளே விட்டால், அவர்களுக்கும் இதேதான். உன் அம்மா தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கிற ஊக்குகளை முதல்நாளே எண்ணிக் கழற்றச் சொல்.

ஸ்கேன் அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கு ராமநாதபுரம் வந்துவிடுகிறேன். உள்ளே உன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அம்மாவா நானா என்று நீயே முடிவு பண்ணு, தாயி.

மாமா