சேறு உயிரோட இருக்கான்னு உள்ளானைக் கேளுங்க

நவரைக்குச் சேறு கலக்கும் மார்கழி, தை மாதங்களில் டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மடையானும் வந்து இறங்கும். கொஞ்சம் தள்ளி வரப்போரமாக, வாலை ஆட்டி ஆட்டி நடக்கிற சின்னப் பறவைகளையும் பார்த்திருப்பீங்க. உள்ளான்னு பொதுவா ஒரு பேரைச் சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவற்றில் பல, வடக்கே ரஷ்யா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, பனி இறுகும் முன்னே கிளம்பி வந்தவை. அவ்வளவு தூரம் பறந்து வருவது சேற்றில் இருக்கும் புழு பூச்சிக்காக. புழு இல்லாத சேற்றில் அவை நின்று நேரத்தை வீணாக்காது.

இதைப் பார்த்துப் பழக வயலைவிட நல்ல இடம் ஆற்றின் முகத்துவாரம். அங்கே பல வகைப் பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் மேயும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் வயல் மீஞ்சூர் பக்கம். வடிகால் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, எண்ணூர்க் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர்தான் நெட்டுக்குப்பம். சரணாலயம் என்றால் வடக்கே பழவேற்காடு இருக்கிறது. பூநாரை பார்க்க எல்லாரும் அங்கேதான் போவாங்க. நம்ம ஆற்றுத் தண்ணீர் கடைசியில் எதைச் சேர்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் நெட்டுக்குப்பத்துக்குத்தான் போக வேண்டும்.

போன தையில், அமாவாசையை ஒட்டிய ஒரு நாளில், இயற்கை விவசாயிகள் நாலு பேர் போனோம். பறவை பார்க்க விடியற்காலைதான் சரி என்பார்கள். கழிமுகத்தில் அந்தக் கணக்கு செல்லாது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப தண்ணி ஏறி நிக்குது தம்பி. மத்தியானத்துக்கு மேல வத்தும், அப்ப வந்து பாருங்க." அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தக் கரையில் வற்றம் பிற்பகலில்தான். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் நிலம் தட்டை என்பதால் அந்த ஒரு மீட்டரிலேயே பெரிய சேற்றுத் திட்டு வெளியே வந்துவிடும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை.

பறவையின் பேரை அப்புறம் தெரிந்துகொள்ளலாம், முதலில் அலகைப் பாருங்க. உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிசு. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், மேலே தெரிகிற பூச்சியைக் கொத்தும். கொசு உள்ளான் முப்பது கிராம் கூட இருக்காது. தலையைக் குனிந்தபடியே மேல்சேற்றைக் கொத்திக்கொண்டு போகும். பவளக்காலிக்கு அலகு நாலு சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தேடும். கோட்டானுக்கோ அரிவாள் போல வளைந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதை வளைக்குள் விட்டு நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கும். ஒரே சேறுதான், ஒவ்வொன்றும் தனித்தனி ஆழத்தில் மேய்கிறது. நாம ஆழ வேர்ப் பயிரையும் மேல்வேர்ப் பயிரையும் சேர்த்து விதைக்கிற மாதிரி. இத்தனை அளவு அலகும் ஒரே திட்டில் மேய்ந்தால், அந்தச் சேற்றில் மேலிருந்து கீழ்வரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகிற பக்கம் ஒரு சாம்பல் நிறத் திட்டு. தூரத்தில் பார்க்க நல்ல சேறு போலத்தான் இருந்தது. அரை மணி நேரம் பார்த்தோம், ஒரு உள்ளான்கூட இறங்கவில்லை. சாம்பல் ரொம்ப நைசாகப் படிந்து இறுகிவிடும். புழு வளை போட முடியாது. சாம்பல் படிந்து ஆறு மேடேறியதையும் இறால் குறைந்ததையும் இங்கே மீனவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். பறவையும் மீனவரும் ஒரே சேற்றை நம்பித்தான் பிழைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்தக் கழிமுகத்துக்குள் வந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறகோடு நின்ற படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீங்க. இறகில் எண்ணெய் ஏறினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், குளிர் தாங்காது, மிதக்கவும் முடியாது. மீனவர்களின் வலையும் படகும் அதே எண்ணெயில்தான் கிடந்தன.

ஆலையைக் குறை சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஆற்றில் நம்ம வடிகாலும் சேர்கிறதே! குருணை வடிவில் போடுகிற கார்போஃபியூரானைத் தானியம் என்று நினைத்துப் பறவை விழுங்கும். பறவைகள் கூட்டமாகச் செத்ததால்தான் அமெரிக்காவில் 1990களில் அந்தக் குருணையின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தினார்கள்.

வயலில் எப்படிப் பார்ப்பது? நடவுக்கு முன், தண்ணீர் விரல்கடை அளவு நிற்கும்போது, வரப்பில் 15 நிமிடம் அசையாமல் உட்காருங்க. வயலில் அதிகம் வருவது பொறி உள்ளான். முதுகில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். அது எத்தனை, நடக்கிறதா கொத்துகிறதா, எந்த மூலையில் என்று நோட்டில் எழுதுங்க. இறங்கிய வேகத்தில் எழுந்து போனால் அதையும் எழுதுங்க, அதுவும் தகவல்தான். பக்கத்தில் ரசாயனம் போடுகிற வயலிலும் அதே நாளில் இன்னொரு 15 நிமிடம் பாருங்க. ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். நாய் ஓடினாலே உள்ளான் பறந்துவிடும். மூணு நாலு தை எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.

2015 முதல் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதிலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, இ-பேர்டு தளத்தில் பதிய வேண்டும். மாட்டுப் பொங்கலன்று எப்படியும் மாட்டைக் குளிப்பாட்ட ஏரிக்குப் போவோம். நோட்டையும் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.