வாடுவதற்கு முன்பே சூடாகும் இலை

மாணவர்களே, வீட்டுப் பூச்செடிக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் இலைகள் தொங்கிவிடும். அதைப் பார்த்த பிறகுதான் நாம் குவளையைத் தேடுகிறோம். ஆனால், செடிக்குத் தாகம் எடுத்தது அதற்கு வெகுநேரம் முன்பே.

இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறுவதை நீராவிப்போக்கு என்று படித்திருப்பீர்கள். வியர்வை காயும்போது நம் உடல் குளிர்வதுபோல, இதனால் இலையும் குளிர்கிறது. மண்ணில் ஈரம் குறைந்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், இலை சூடேறும். இந்த வேறுபாடு சில டிகிரி செல்சியஸ்தான். நம் கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கேமராவுக்குத் தெரியும். ஆனால், காற்றும் வெயிலும் இலையின் வெப்பநிலையை மாற்றிவிடும். அதனால் நன்கு நீரூற்றிய செடியையும் அதே சூழலில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கோதுமையும் பார்லியும் பெரும்பாலும் மழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்தாலும் தாங்கும் இரகம் எது என்பது அங்குள்ள விவசாயிகளுக்குப் பெரிய கேள்வி. இத்தகைய ஆய்வுகளுக்காக அடிலெய்டில் 2010இல் 'பிளாண்ட் அக்செலரேட்டர்' என்னும் கண்ணாடிக்கூடம் திறக்கப்பட்டது. விமான நிலையத்தில் பெட்டிகள் வருவதுபோல, அங்கே தொட்டிகள் நகரும் பட்டையில் வருகின்றன. இயந்திரம் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, குறித்த எடை வரும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுகிறது. எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவு வறட்சி! பிறகு கேமராக்கள் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கின்றன. படத்தில் செடி அடைக்கும் புள்ளிகளை எண்ணி, கணினி அதன் வளர்ச்சியை மதிப்பிடுகிறது. முன்பெல்லாம் இதற்குச் செடியை வெட்டி, உலர்த்தி, எடைபோட வேண்டும். வெட்டிய செடியை மறுநாள் எப்படி அளப்பது?

'இலை சூடானால் அது மோசமான இரகம்' என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். துளையை மூடும் செடி நீரைச் சேமிக்கிறது. ஆனால், கரியமில வாயுவும் உள்ளே வராது, ஒளிச்சேர்க்கை குறையும். வறட்சி நீண்டால் சேமித்த செடி பிழைக்கலாம். விரைவில் மழை வந்தால், துளையை மூடாத செடி முந்திவிடும். அதனால்தான் எடையும் படமும் சேர்ந்தே தேவை: செலவழித்த நீருக்கு எவ்வளவு வளர்ச்சி என்பதே கணக்கு. தொட்டியில் வேருக்கு இடம் குறைவு என்பதால், தேறிய இரகங்களை வயலிலும் சோதித்தாக வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு செடிகளின் தொட்டிகளை, அடித்துளை உட்பட, பிளாஸ்டிக் பையால் சுற்றித் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஒன்றுக்கு மட்டும் தினமும் நீர் ஊற்றுங்கள். சமையலறைத் தராசில் காலையும் மாலையும் எடைபோடுங்கள். ஊற்றும் நீரையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஊற்றாத செடியின் எடை எந்த நாளிலிருந்து மெதுவாகக் குறைகிறது? அன்று அதன் இலை வாடியிருக்கிறதா?