பனிக்காலத்தில் பெரியவர்களுக்கு ஒரு கணினி வேலை

கோபிசெட்டிபாளையத்தில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் நடக்கப் போகும் பெரியவர்கள் வீட்டோடு முடங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் அப்பாவுக்கும் பகல் முழுக்க டி.வி.தான். சென்ற மார்கழியில் அவருக்குத் தமிழ் விக்கிமூலத்தைக் காட்டினேன்.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேல் இத்தளத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தே ஏற்றினார்கள். இங்கே அவ்வளவு சிரமமில்லை. படத்தைக் கணினியே எழுத்தாக்கிவிடும். ஆனால் துணைக்காலை ‘ர’ என்று படித்துவைக்கும்! அதைத் திருத்த ஆள் வேண்டும்.

தளத்தில் முதலில் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். ஒரு நூலைத் திறந்தால் பக்க எண்கள் வரிசையாகத் தெரியும். சிவப்பு நிற எண்கள் இன்னும் மெய்ப்பு பார்க்காதவை. ஒன்றைக் கிளிக் செய்து ‘தொகு’ என்பதை அழுத்துங்கள். அச்சுப் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே வரும். ஒப்பிட்டுத் திருத்தி, கீழே மஞ்சள் பொத்தானைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால்தான் பச்சையாகும். (அப்பா காலையில் முதலில் பார்ப்பது இதைத்தான்.) நூலாசிரியரின் நடையை மட்டும் திருத்தக் கூடாது. தமிழாசிரியர்கள் கவனிக்க!

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். தொகுக்கும் பெட்டியில் கிளிக் செய்ததும் தோன்றும் விசைப்பலகைச் சின்னத்தில் தமிழ்99 அல்லது எழுத்துப்பெயர்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்து சிறியதாக இருந்தால் கண்ட்ரோல் விசையுடன் பிளஸ் விசையை அழுத்தவும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள்.